ஏணி வைக்கச் சொல்லி வந்த உத்தரவு

நெல்லித்தோப்பில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் எங்கள் சங்கம் இருக்கிறது. பலகையில் 'பிரெஞ்சு ஓய்வூதியர் குடும்ப நேசக் கழகம்' என்று எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. சங்கத்துக்கான பிரெஞ்சுச் சொல்லால் அமிக்கால் என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அவர்களுடைய விதவைகள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றும் கல்யாணச் சான்றும் அங்கே ஸ்கேன் செய்யப்பட்டு மூன்று கம்ப்யூட்டர்களில் கிடந்தன. இவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்ற சான்றுகூட உண்டு. அந்தக் கம்ப்யூட்டர்களைக் காப்பது என் வேலை.

அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். பெரிய திரையில் சிவப்பு விளக்கு வந்தால் இன்னொருவனை எழுப்ப வேண்டும். அவன் எழுந்து, அது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்குவான். விட்டுவிட்டு வந்துவிட்டேன். பகலில் தூங்குகிறவனுக்கு மனிதர்களைப் பிடிக்காமல் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அமிக்காலில் மூன்று பேரோடுதான் எனக்குப் பேச்சு. தலைவர் லூர்துபிரகாஷ், பிரான்சில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைப் பிரெஞ்சு முறையில் முசியே என்று கூப்பிடுவார்கள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், ஆனால் உட்காரும்போதும் யாரோ பரிசோதிக்க வருவதுபோல்தான் உட்காருவார். துணைத் தலைவர் ஜோசப் ஆனந்த். இவர் பிரான்சைப் பார்த்ததில்லை. அதனால் பிரான்சைப் பற்றி அதிகம் பேசுவார். மூன்றாவது, செயலாளர் வேலை பார்க்கும் வெரோனிகா. அவரை எல்லாரும் மதாம் என்பார்கள்.

மதாம் கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு மெஷினில் தட்டச்சு படித்தவர். நாம் பார்க்கிற கீபோர்டில் மேல் வரிசை க்யூ, டபிள்யூ என்று தொடங்கும். பிரெஞ்சுக் கீபோர்டில் அந்த இடத்தில் ஏ, இசட். இன்னும் சில எழுத்துகளும் இடம் மாறியிருக்கும். மதாமுடைய கம்ப்யூட்டரில் மட்டும் அந்தக் கீபோர்டு. உள்ளே எழுத்துகளின் அமைப்பும் பிரெஞ்சு, மற்றதெல்லாம் ஆங்கிலம். மற்ற இரண்டும் ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி. சாதாரணக் கீபோர்டில் மதாம் 'பேங்க்' என்று அடித்தால் நடுவில் ஒரு க்யூ வந்து நிற்கும். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. இந்த நாற்காலி போனால் புதுச்சேரியில் அவருக்கு வேறு நாற்காலி கிடையாது. இது அவருக்கும் தெரியும், ஜோசப் ஆனந்துக்கும் தெரியும். ஜோசப் ஆனந்தின் மச்சினி ஆஷ்லின் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள்.

நான் சேர்ந்த அன்றே கம்ப்யூட்டர்களில் இருந்த யூஎஸ்பி துளைகளையெல்லாம் கறுப்பு டேப்பால் ஒட்டினேன். 'இதில் எதையும் செருகாதீர்கள்' என்று தமிழில் எழுதி வைத்தேன். யாரும் மதிக்கவில்லை. அதனால் மதாம் அதையே பிரெஞ்சிலும் எழுதிக் கொடுத்தார். அதையும் மதிக்கவில்லை. போன் சார்ஜ் போட்டார்கள். கொசு பேட் சார்ஜ் போட்டார்கள். ஒரு விதவை அம்மாள் காது மெஷினைக் கொண்டுவந்து, "இது மட்டும் குட்டியா இருக்குல்ல தம்பி, ரொம்பக் குடிக்காது" என்றார். நான் டேப்பை மறுபடி ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

சம்பவம் நடந்த அன்று நான் முதலியார்பேட்டையில் பிரிண்டரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசலில் ஒரு நீளமான மூங்கில் ஏணி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்முனையில் அம்மாவாசை. எங்கள் தெருப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வெள்ளை அடிப்பவர்.

"எங்கண்ணே ஏணி போவுது?"

"தெரியலப்பா. முசியே கொண்டாரச் சொன்னாரு. பெயிண்டா, ஒட்டடையான்னு கேட்டேன். மேலிடத்து ரகசியம்னாரு. மேலிடம்னா ஓடான்னேன். மொறைச்சாரு."

உள்ளே முசியே மதாமுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தொப்பி போட்டிருந்தார். மதாம் கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வரப் போனவர், வருவதற்குள் தன் நாற்காலியைச் சுற்றி இப்படி ஆகியிருந்தது.

"என்ன ஆச்சு மதாம்?"

"எனக்கென்ன தெரியும்? தண்ணி பிடிக்கப் போனேன். வந்து பாத்தா என் மிஷினுக்கு சல்யூட் அடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

திரையில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு பெயரைச் சொல்லி, அதை விண்டோஸால் கண்டுபிடிக்க முடியவில்லை, பெயரைச் சரியாக அடித்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. அந்தப் பெயர்: பி, ஓ, இசட், இ, ஆர், எஸ், ஹெச், இ, எல், எல்.

"படி," என்றார் முசியே.

"போசெர்ஷெல்," என்றேன். அப்படி ஒரு சொல் எந்த மொழியிலும் கிடையாது.

"பிரெஞ்சு வராதுன்னா வாய மூடு. போஸே எஷெல். போஸேன்னா வையி. எஷெல்னா ஏணி. ஏணிய வையி. எழுத்துப் பிழை இருக்கு. பாரிஸ்ல இப்ப இருக்குற பசங்களுக்கு எழுத்து வர்றதில்ல."

"பாரிஸா?"

"பின்ன அரியாங்குப்பமா? நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நாற்காலில ஆளு இல்ல. தானா வந்துச்சு. படபடன்னு ஒரே மூச்சுல. மனுசன் அடிக்கிற வேகமே இல்ல. அதான் அரசாங்கம்."

ஜோசப் ஆனந்த் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத்தைக் குனிந்து படித்தார். "முசியே, விண்டோஸ்னு போட்டிருக்கு. ஜன்னல். ஜன்னலால கண்டுபிடிக்க முடியலையாம்."

"அப்ப ஏணிய ஜன்னல்லதான் வைக்கணும்," என்றார் முசியே.

அந்த அறையில் ஆள் உயரத்தில் இரண்டு ஜன்னல்கள். அவற்றுக்கு ஏணி வேண்டாம். ஓட்டுக்குக் கீழே ஒரு சின்ன வெளிச்ச ஜன்னல் உண்டு, கம்பி போட்டது, புறா உட்காரும். உத்தரவு அதற்குத்தான் என்று முடிவானது. நான் பெட்டியை மூடினேன். அடியில் இன்னொரு பெட்டி. அதில் அதே சொல், ஒரு அடைப்புக்குறி, தனியாக ஓர் இசட், கடைசியில் 'ஹிட்டன்' என்று ஒரு ஆங்கிலச் சொல்.

"ஹிட்டன்னா மறைவு," என்றார் ஜோசப் ஆனந்த்.

"ரகசிய உத்தரவு," என்றார் முசியே. குரல் தாழ்ந்துவிட்டது. "காரணம் சொல்ல மாட்டாங்க. வச்சிட்டுக் காத்திருக்கணும். ஆப்பிரிக்காவுல எங்களுக்கு ஒரு ராத்திரி முழுக்கக் குழி வெட்டச் சொன்னாங்க. வெட்டுனோம். காலைல மூடச் சொன்னாங்க. மூடுனோம். ஏன்னு கேட்டமா?"

அம்மாவாசை ஏணியைச் சுவரில் சாய்த்தார். புறா பறந்துபோனது. முசியே ஏணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். உத்தரவு நிறைவேறியது.

நான் வைரஸ் என்றேன். அதற்கு மேல் அப்போது எனக்கே தெரியாது. மூன்று கம்ப்யூட்டரையும் சோதித்தேன். ஒன்றுமில்லை.

ஏணி அங்கேயே நின்றது. சான்று வாங்க வந்த பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் அடியில் நுழைந்தார், மற்றவர்கள் அவருக்குக் கெட்டது நடக்கும் என்றார்கள். அம்மாவாசை தினமும் வந்து, ஏணி வேண்டும் என்று கேட்டார். "உத்தரவு வரட்டும்," என்றார் முசியே.

பிறகு ஜோசப் ஆனந்த் பாரிசில் இருக்கும் தன் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டார். அங்கிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது. ஏணி வைக்கச் சொல்லி எந்த அரசாங்கமும் எழுதாது, யாரோ கிழவரைக் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள் என்றான் அவன். கிழவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் என்னமோ ஆனது. தொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்த்த வரையில் அவர் அதைக் கசங்க விட்டது அன்றுதான்.

"பிரெஞ்சு தெரிஞ்சவங்கதான் பண்ணியிருக்கணும்," என்றார் ஜோசப் ஆனந்த். மதாமைப் பார்க்கவில்லை. ஆனால் அறையில் சந்தேகப்பட வேறு யாரும் மிச்சமில்லை.

"நானா?"

"உங்க மிஷின்லதான வந்துச்சு மதாம்."

"நான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேன்."

"முன்னாடியே அடிச்சி வச்சிட்டுப் போயிருக்கலாம். இப்பல்லாம் டைம் செட் பண்ணலாம். ஆஷ்லின் சொல்லுச்சு."

மதாமுக்குக் கோபம் வந்தது. அது வேலை போகும் என்ற கோபம் இல்லை. "நான் அடிச்சா இசட் போடுவனா? எஷெலுக்கு முன்னாடி 'ல்' சேக்காம, எழுத்துக்கு மேல கோடு போடாம, இப்படி மொட்டையாவா எழுதுவேன்? நான் கிண்டல் பண்ணாலும் இலக்கணத்தோட பண்ணுவேன். எங்க மதர் சுப்பீரியர் செத்தும் என்ன விட மாட்டாங்க."

முசியே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டி கூடும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். மதாமை வேலையை விட்டு நிறுத்துவது, ஆஷ்லினைச் சேர்ப்பது என்று ஜோசப் ஆனந்த் நிகழ்ச்சி நிரலில் எழுதினார். அதை அடித்துக் கொடுக்கும்படி மதாமிடமே நீட்டினார். மதாம் அடித்துக் கொடுத்தார். பிழை இல்லாமல்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நான் மதாமுடைய மேசைக்குக் கீழே குனிந்தேன். நான் ஒட்டிய டேப் ஒன்று பாதி உரிந்து தொங்கியது. துளையில் ஒரு சின்ன ஈஃபில் கோபுரம் செருகியிருந்தது. பித்தளை நிறம். உள்ளே நீல விளக்கு.

"இது எப்ப வந்தது?"

"அதுவா? கூரியர்ல வந்துச்சுப்பா. அமிக்கால் நண்பர்களுக்கு அன்பளிப்புன்னு எழுதியிருந்துச்சு. ஜோசப் ஆனந்துதான் செருகுனாரு, அந்த ஏணி வந்த அன்னிக்கு, நான் தண்ணி பிடிக்க எழுந்து போறப்ப. அழகா இருக்கு, எரியட்டும்னாரு."

பிடுங்கிப் பார்த்தேன். விளக்கு எரிய இரண்டு கம்பி போதும். இதன் முனையில் நான்கு இருந்தன. மற்ற இரண்டும் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு. ஒரு விளக்குக்கு எதற்குப் பேச்சு?

மதாமுக்கு விளக்கினேன். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. செருகுகிற பொருள் நான் கீபோர்டு என்று சொன்னால் கீபோர்டு என்றே எடுத்துக்கொள்ளும். கீபோர்டை அது சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் கீபோர்டுக்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறது. இந்தக் கோபுரம் கீபோர்டு வேஷம் போட்டு வந்த திருட்டுக் கருவி. செருகியதும் கண் சிமிட்டுவதற்குள் ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்ததை அடித்துவிடும். அது அடிக்க நினைத்தது 'பவர்ஷெல்'. கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கிற ஒரு நிரல் அது. அதை மறைவாகத் திற என்பதுதான் அந்த ஹிட்டன். திறந்துவிட்டால் இங்கே கிடக்கிற பாஸ்போர்ட் அத்தனையும் போய்விடும்.

"அப்ப ஏன் போகல?"

"அதைச் செஞ்சவனுக்குச் சாதாரணக் கீபோர்டுதான் தெரியும். டபிள்யூ இருக்கிற இடத்தை அமுக்குச்சு. உங்க மிஷின் கணக்குல அந்த எடத்துல இசட். பவர்ஷெல் போசெர்ஷெல் ஆயிடுச்சு."

மதாம் கொஞ்ச நேரம் தன் கீபோர்டைப் பார்த்தார். எழுத்துகள் தேய்ந்து பாதிக் கட்டைகள் வெறுமையாக இருந்தன.

"திருடன் வந்தான். என் கீபோர்டால வழி தவறிட்டான்."

"ஆமா."

"அதுக்காக என்ன வேலைய விட்டுத் தூக்குறாங்க."

"ஆமா."

"நீ இத ஞாயித்துக்கெழம சொல்லு."

"சொல்றேன். நம்ப மாட்டாங்க."

"எனக்கே நம்ப முடியலியே," என்றார் மதாம். "ஏணிதான் பரவால்ல, அதாவது கண்ணுக்குத் தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் நல்ல உடையில் இருந்தார்கள். முசியே தொப்பியில்லாமல் வந்தார். நான் எழுந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"ஒரு வெளக்கு தானா டைப் அடிக்குது," என்றார் ஜோசப் ஆனந்த், எல்லாரையும் பார்த்து. "நாளைக்கு மெழுகுவத்தி பாட்டுப் பாடும்."

"திருடன் எதுக்குய்யா ஏணி வைக்கச் சொல்றான்?" என்றார் முசியே.

பின்னாலிருந்த ஒரு முன்னாள் சிப்பாய், "திருடன்தான் முசியே ஏணி கேப்பான்" என்றார்.

"திருடன்னா அவனே கொண்டாருவான். சங்கத்துச் செலவுல வைக்கச் சொல்ல மாட்டான்."

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. செய்து காட்டுகிறேன் என்றேன். வெளியுலகத்தோடு மதாமுடைய கம்ப்யூட்டரை இணைத்திருந்த ஒயரை முதலில் பிடுங்கினேன். மதாம் கீபோர்டிலிருந்து தள்ளி நிற்கட்டும், இரண்டு கையையும் தூக்கட்டும், பத்து விரலும் எல்லாருக்கும் தெரியட்டும், அப்புறம் கோபுரத்தைச் செருகுகிறேன் என்றேன்.

"எவ்ளோ தள்ளி?" என்றார் ஜோசப் ஆனந்த்.

"நீங்களே சொல்லுங்க."

அவர் அறையைப் பார்த்தார். எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவருக்கு மறைத்தது. கடைசியில், "ஏணில ஏறச் சொல்லு. அங்கன்னா எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

மதாம் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏறி, திரும்பி, ஏணியில் சாய்ந்து, இரண்டு கையையும் தூக்கினார். போலீஸ் பிடித்ததுபோல இருந்தது.

"காலு?" என்றார் ஜோசப் ஆனந்த்.

"காலால அடிக்கிற அளவுக்கு எனக்குச் சம்பளம் தரல," என்றார் மதாம் மேலிருந்து.

நான் கோபுரத்தைச் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் ஒரு பெட்டி திறந்தது. எழுத்துகள் ஒரே வீச்சில் விழுந்தன. போசெர்ஷெல். மறைவு. விண்டோஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முசியே திரையைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். ஏணியில் கை தூக்கி நிற்கும் மதாமைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார். பைக்குள் கை விட்டுத் தொப்பியை எடுத்தார், கசங்கலை நீவினார், போட்டுக்கொண்டார்.

"மதாம் வெரோனிகா மேல தப்பு இல்ல," என்றார். கண் கலங்கியிருந்தது. "உத்தரவு உண்மைதான்."

"முசியே, உத்தரவு இல்ல. அந்தக் கருவிதான்..."

"இருப்பா. ஏணி வச்சாச்சு. மறுபடி அதே உத்தரவு ஏன் வருது? வெறும் ஏணி பத்தாதுன்னுதான். இப்ப மதாம் ஏறி நின்னாங்க. கைய தூக்குனாங்க. உடனே வந்துச்சு. கேட்டுக்கிட்டே இருக்காங்கய்யா அங்க."

ஜோசப் ஆனந்துக்குச் சங்கடமாகிவிட்டது. தப்பு அவர் பக்கம் போய்விட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், எல்லாரையும்விட அதிகமாக நம்பத் தொடங்கினார். "முசியே, இது ஒரு மிஷின்லதான வருது? மூணுலயும் செருகுனா இன்னும் வெவரமா வருமே. மீதி உத்தரவு அதுல இருக்கலாம்." சொல்லிக்கொண்டே கோபுரத்தைப் பிடுங்கி அடுத்த மேசைக்குப் போனார். அந்தக் கம்ப்யூட்டரில் சாதாரணக் கீபோர்டு. ஒயரும் பிடுங்கப்படவில்லை. டேப்பை நகத்தால் கீறினார்.

நான் ஓடினேன். நான் ஓடி அமிக்காலில் யாரும் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. "விடுய்யா கம்ப்யூட்டரு! பிரான்ச நசுக்கப் பாக்குறியா?" என்று கத்தினார். ஏணிமேல் இருந்த மதாம், கையை இறக்கலாமா என்று கேட்டார். நான் ஜோசப் ஆனந்தின் விரலைப் பின்னால் வளைத்துக் கோபுரத்தை வாங்கினேன். சாவிக் கொத்தில் ஒரு நகவெட்டி உண்டு. கோபுரத்தின் அடிமூடி ஒட்டுப் பசையோடு வந்துவிட்டது. உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள். பச்சையையும் வெள்ளையையும் வெட்டினேன். சிவப்பையும் கறுப்பையும் விட்டுவிட்டேன். பிறகு மதாமுடைய கம்ப்யூட்டரில் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"பாத்துக்கங்க," என்றேன். மூச்சு வாங்கியது. "எல்லார் முன்னாலயும் சொல்றேன். பேசுற கம்பிய வெட்டிட்டேன். இனிமே இது வெறும் வெளக்கு. எங்க வேணா செருகுங்க. எதுவும் வராது. என்னைக்கும் வராது."

முசியே அருகில் வந்து கோபுரத்தைப் பார்த்தார். என் தோளைத் தட்டினார். மகன் ஏதோ சின்னத் தப்பு செய்துவிட்டால் தட்டுகிற மாதிரி.

"எரியுதுல்ல? அது போதும். இப்பல்லாம் யாருப்பா கம்பில பேசுறாங்க?"

கமிட்டி அன்றைக்கே தீர்மானங்கள் போட்டது. மதாம் வெரோனிகாவின் வேலை உறுதி, அதை எந்தக் கமிட்டியும் மாற்றக் கூடாது. பிரெஞ்சுக் கீபோர்டை யாரும் மாற்றக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டரில் மதாமுடைய கீபோர்டைத் தவிர வேறு எந்தக் கீபோர்டு வந்தாலும் ஏற்றுக்கொள்ளாதபடி செய்ய வேண்டும் என்று நான் மாதக்கணக்கில் கெஞ்சியிருந்தேன். பாரிஸ் லைனில் வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பதால் அதற்கும் அனுமதி கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் சேர்த்தே செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக உருப்படியான பாதுகாப்பு வேலை அதுதான். காரணம்தான் தப்பு.

கடைசித் தீர்மானத்தை முசியே கையால் எழுதினார். உத்தரவு வந்த இரண்டு தடவையும் மதாமுடைய கை கீபோர்டில் இல்லை. எனவே இனிமேல் அலுவலக நேரத்தில் மதாம் கீபோர்டைத் தொடக் கூடாது.

"அப்ப நான் என்ன வேல பாக்குறது?" என்றார் மதாம். இதற்குள் ஏணியிலிருந்து இறங்கியிருந்தார்.

"கைய தூக்கிட்டு இருக்குறதுதான் வேல."

"ஏணி மேலயா?"

முசியே யோசித்தார். இரக்கமுள்ள மனிதர். "அடில நாற்காலி போட்டுக்குங்க. சாயங்காலம் வரைக்கும் வேணாம். காலைல தொறந்ததுல இருந்து சாப்பாடு வரைக்கும் போதும்."

"சம்பளம்?"

"முழுசா."

மதாம் என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் வேறு அலுவலகங்களை ஒருமுறை மனதுக்குள் சுற்றிவிட்டு வந்தார் போலிருக்கிறது. அங்கேயெல்லாம் மேல் வரிசை க்யூவில் தொடங்கியது. "சரி," என்றார்.

இப்போது கடிதங்களையெல்லாம் ஜோசப் ஆனந்த் கையால் எழுதுகிறார். எழுத்து கோணல். பாரிசிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள், மறுபடி எழுதுகிறார். ஆஷ்லினைச் சேர்க்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. அம்மாவாசை ஏணி கேட்டு வருவதை நிறுத்திவிட்டு அலுமினியத்தில் ஒன்று வாங்கிக்கொண்டார். புறா திரும்பி வந்து மேல் படியில் உட்காருகிறது.

என் வேலையும் மாறிவிட்டது. கீபோர்டு வேஷம் போட்டு வருகிற பொருளிடமிருந்து கம்ப்யூட்டரைக் காப்பாற்ற என்னைச் சேர்த்தார்கள். இப்போது எதுவும் பேசாத ஒரு விளக்கை, டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளிடமிருந்து காப்பாற்றுகிறேன். மதாமுக்கு எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சென்னையில் பார்த்த வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிச்சம்தான் கூட.

நேற்று காலை மதாம் வழக்கம்போல ஏணிக்கு அடியில் கையைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். முசியே தன் மேசையில் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, காலியான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யப்பா," என்றார் மதாம் உதட்டை அசைக்காமல். "மூக்கு அரிக்குது."

"சொறிஞ்சிக்குங்க."

"அவர கேளு. வேல போயிடப் போவுது."

எழுந்து போய்க் கேட்டேன். "முசியே, மதாமுக்கு மூக்கு அரிக்குதாம்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நீண்ட நேரம் யோசித்தார்.

"எந்தக் கை?"

"வலது."

"சரி," என்றார் முசியே. "இடது மேலயே இருக்கட்டும்."